மேடையில் காதில் மாட்டுவது பந்தாவா, வேலைக்கு ஆகுமா?

ஜூலை 4, இரவு 11.10 | காசிமேடு ரசிகன்

ஆடி வரப்போகுது, தெருவுக்குத் தெரு கச்சேரி. ஒரு சந்தேகம். இப்பல்லாம் ஏரியா ட்ரூப்புல பாடுறவங்ககூட காதுல வயர் மாட்டிக்கினு நிக்கிறாங்க. ஆள் உயரத்துக்கு பாக்ஸ் அடுக்கி வெச்சிருக்கு, மார்க்கெட் வரைக்கும் கேக்குது, பாடுறவருக்கு மட்டும் கேக்கலையா? என் கணிப்பு: காதுல ஒரிஜினல் பாட்டு ஓடுது, இவங்க வாயசைக்கிறாங்க. இல்லன்னா டிவியப் பாத்து வந்த பந்தா. எது?

ஜூலை 4, இரவு 11.38 | மானிட்டர் மிக்ஸ்

ரெண்டும் இல்லை. மெயின் பாக்ஸ் ஜனத்தைப் பார்த்து நிற்கிறது, பாடகர் அதற்குப் பின்னால் நிற்கிறார். பேஸ் சத்தம் பாக்ஸைச் சுற்றிப் பின்பக்கமும் வரும். சொல் தெளிவாகக் கேட்க வேண்டிய மேல் அதிர்வெண்கள் நேராக முன்னால் போய்விடும். அதனால் பாடகருக்கு வந்து சேர்வது சப்-ஊஃபர் என்ற பேஸ் பாக்ஸின் 'தும் தும்', அதோடு எதிர்ச் சுவரில் மோதித் திரும்பி வரும் தன் குரல்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். மேடைக்கு எதிரே 30 மீட்டரில் ஹவுசிங் போர்டு பிளாக் இருக்கிறது என்றால் குரல் போய் வர 60 மீட்டர். நம்ம ஊர் வெக்கையில் ஒலி நொடிக்குச் சுமார் 350 மீட்டர் ஓடும். திரும்பி வர 170 மில்லி செகண்ட். 120 டெம்போ பாட்டில் ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவே 500 மில்லி செகண்ட்தான். அதில் மூன்றில் ஒரு பங்கு பின்தங்கி வரும் குரலைக் கேட்டுப் பாடினால் தாளம் கண்டிப்பாக இழுக்கும். டோலக் ஒரு பக்கம், பாட்டு ஒரு பக்கம்.

ஜூலை 4, இரவு 11.51 | வியாசை டோலக்

அதுக்குத்தான் கீழ சாய்வா மானிட்டர் பாக்ஸ் வைப்பாங்களே அண்ணே. வெட்ஜு. காலங்காலமா அதுலதான் ஓடுது.

ஜூலை 5, காலை 7.20 | மானிட்டர் மிக்ஸ்

ஓடுது. ஆனா மேடை பெரிசா இருக்கணும், ஆள் கம்மியா இருக்கணும். நம்ம தெருவில் 20 அடிக்கு 16 அடி மேடை, பின்னாலேயும் மேலேயும் தகர ஷீட், அதில் பத்துப் பேர். ஆளுக்கொரு வெட்ஜ் வைத்தால் என்ன ஆகும்? பாடகர் தன் குரல் கேட்கவில்லை என்று ஏற்றச் சொல்வார். கீபோர்டுக்காரருக்குத் தன் வாசிப்பு அமுங்கிப் போகும், அவரும் ஏற்றுவார். பிறகு டோலக். ஒரு சுற்று முடிவதற்குள் மேடையிலேயே 105 டெசிபல்.

அடுத்தது ஊளை. வெட்ஜிலிருந்து வரும் குரலை மைக் மறுபடி பிடிக்கும், ஆம்ப் அதைப் பெருக்கும், வெட்ஜ் மறுபடி கொடுக்கும். சுற்றில் ஒரு அதிர்வெண் கொஞ்சம் தூக்கலாக இருந்தாலும் அது மட்டும் வளர்ந்து 'கூ' என்று கத்தும். ஈக்யூவில், அதாவது அதிர்வெண் வாரியாக ஏற்றி இறக்கும் வசதியில், அந்த இடத்தை வெட்டலாம். நாலு இடம் வெட்டினால் குரல் டப்பாவுக்குள்ளிருந்து வருவது மாதிரி ஆகிவிடும்.

இயர் மானிட்டர், நீங்கள் கேட்ட அந்தக் காது சாமான், இந்தச் சுற்றையே அறுத்துவிடுகிறது. ஸ்பீக்கர் காதுக்குள், மைக் வெளியே. ஊளைக்கு வழியே இல்லை. காதை நன்றாக அடைத்தால் வெளிச்சத்தம் 20 முதல் 30 டெசிபல் வரை குறையும். வெளியே 105 என்றால் உள்ளே 80 சொச்சம். அதற்கு மேல் தன் குரலை 88, 90இல் வைத்தாலே தெளிவாகக் கேட்கும்.

இதைச் சத்தமாகக் கேட்பதற்கான சாமான் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். சத்தத்தைக் குறைத்துக் கேட்பதற்கான சாமான் இது.

ஜூலை 5, காலை 9.05 | காசிமேடு ரசிகன்

அப்ப வாயசைக்கிறது பொய்யா? கொஞ்சம் ஏமாற்றமாத்தான் இருக்கு.

ஜூலை 5, காலை 9.40 | பெரம்பூர் பேஸ்

வாயசைக்க காதுல ஒண்ணும் தேவையில்ல, வெளிய ஓடுற பாட்டே போதும் 😄

காதுல ஓடுறது க்ளிக், தாளம் காட்டுற 'டிக் டிக்'. கூடவே சீக்வென்ஸ் ஓட்டுறப்ப, அதாவது லேப்டாப்புல பதிஞ்சு வெச்ச வயலின், கோரஸ் எல்லாம் வர்றப்ப, டிரம்மரும் கீபோர்டும் அதோட சேர்ந்து போகணும். க்ளிக் 'டிக் டிக்'னு ஜனத்துக்குக் கேக்கக் கூடாது. வெட்ஜுல விட்டா மைக்ல ஏறி மெயின்ல வந்துரும். காது ஒண்ணுதான் வழி. லேப்டாப்புல இடது சேனல் க்ளிக், வலது சேனல் ட்ராக்னு பிரிச்சு ரெண்டு கேபிள்ல மிக்ஸருக்கு அனுப்புவாங்க. இடதை மெயின்ல ம்யூட் பண்ண மறந்தா தெருவே 'டிக் டிக்' கேட்கும்.

இன்னொண்ணு டாக்-பேக். பேண்ட் லீடர் கையில ஒரு சுவிட்ச் மைக், மெயினுக்குப் போகாது, காதுக்கு மட்டும். "சரணம் இன்னொரு தடவ", "பெரிய மனுஷர் மேடையேறுறாரு, இதோட நிறுத்து".

ஜூலை 5, பிற்பகல் 2.15 | ராயபுரம் கொயர்

எங்கள் சபையில் வாங்கலாமா என்று பேச்சு. நாலு பாடகர், கீபோர்டு, கிட்டார், பேஸ், டிரம்ஸ். வயர்லெஸ் ஒரு செட்டுக்கே விலை பயமுறுத்துகிறது. எல்லாரிடமும் ப்ளூடூத் பட்ஸ் இருக்கிறது, அதையே மிக்ஸரோடு இணைத்தால் என்ன?

ஜூலை 5, பிற்பகல் 2.22 | பெரம்பூர் பேஸ்

வேணாம் சிஸ்டர்.

ஜூலை 5, இரவு 10.30 | மானிட்டர் மிக்ஸ்

காரணத்தோடு சொல்கிறேன். சாதாரண ப்ளூடூத் பட்ஸில் ஒலி 150 முதல் 250 மில்லி செகண்ட் தாமதமாக வரும். மேலே சொன்ன எதிர்ச் சுவர் எதிரொலியைக் காசு கொடுத்துக் காதுக்குள் வாங்கி வைப்பது மாதிரி. படம் பார்க்க ஓகே, பாட உதவாது.

சபைக்கு வயர்லெஸ் அவசரமே இல்லை. ஓரிடத்தில் நிற்பவர்கள், உட்கார்ந்திருப்பவர்கள் எல்லாருக்கும் வயர்தான் நல்லது. சிக்னல் அறுபடாது, தாமதம் இல்லை. செலவு குறைந்த வழியிலிருந்து வருகிறேன்.

முதல் படி: மிக்ஸரின் ஒரு ஆக்ஸ் அவுட் (மெயினிலிருந்து தனியாக ஒரு மிக்ஸை வெளியே எடுக்கும் வழி), நாலு சேனல் ஹெட்போன் ஆம்ப், ஆளுக்கு 5 மீட்டர் எக்ஸ்டென்ஷன் வயர், ரெண்டாயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும் இயர்போன். நாலு பேருக்கும் ஒரே மிக்ஸ்தான், வால்யூம் மட்டும் தனித்தனி. இங்கே எல்லாரும் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று: ஆக்ஸ் அவுட் மோனோ, ஹெட்போன் ஆம்ப் இன்புட் ஸ்டீரியோ. சாதா மோனோ ஜாக் குத்தினால் இடது காதில் மட்டும் வரும். உடனே இயர்போன் போச்சு என்று புதுசு வாங்கப் போவார்கள். மோனோவை இரண்டு பக்கமும் பிரிக்கும் கேபிள் கடையில் செய்து தருவார்கள்.

இரண்டாம் படி: இடுப்பில் மாட்டும் வயர்டு பெல்ட் பேக். பெஹ்ரிங்கர் பி2 மாதிரி. மிக்ஸரிலிருந்து எக்ஸ்எல்ஆர் (மூன்று பின் மைக்) கேபிள் நேராக இதற்குள் போகும், வால்யூம் இடுப்பிலேயே. ஆளுக்கொரு ஆக்ஸ் இருந்தால் ஆளுக்கொரு மிக்ஸ்.

ஆக்ஸ் குமிழ் ப்ரீ-ஃபேடரில் இருக்கணும், அதாவது வெளிச்சத்தத்தை ஏற்றி இறக்கும் ஃபேடருக்கு முன்னாலேயே ஒலியை எடுக்கணும். போஸ்ட்டில், ஃபேடருக்குப் பின்னால், இருந்தால் வெளியே மிக்ஸ் பண்ணுகிறவர் ஃபேடரை இறக்கும்போதெல்லாம் பாடகர் காதிலும் குரல் இறங்கும். சில சின்ன மிக்ஸர்களில் 'எஃப்எக்ஸ்' என்று எழுதிய ஆக்ஸ் போஸ்ட்டாகவே பூட்டியிருக்கும், அது இந்த வேலைக்கு ஆகாது. வாங்கும் முன் எத்தனை ஆக்ஸ் ப்ரீ என்று எண்ணிப் பாருங்கள்.

ஜூலை 6, காலை 8.10 | பெரம்பூர் பேஸ்

மேல சொன்னதுல ஒரு சேர்க்கை. எட்டுப் பேர்னா அனலாக் மிக்ஸர் தேடுறத விட ராக்ல மாட்டுற டிஜிட்டல் மிக்ஸர் நல்லது. பெஹ்ரிங்கர் எக்ஸ்ஆர்18ல ஆறு ஆக்ஸ் இருக்கு, ஆறும் ப்ரீ பண்ணலாம், அவங்கவங்க போன்லயே அவங்க மிக்ஸ ஏத்தி இறக்கலாம். பாடகருக்கு நாலு, கீபோர்டும் கிட்டாரும் சேர்ந்து ஒண்ணு, டிரம்ஸும் பேஸும் சேர்ந்து ஒண்ணு. உள்ள இருக்கிற வைஃபைய நம்பாதீங்க. கூட்டத்துல அத்தனை போன் இருக்கிறப்ப அது தொங்கிரும். தனி ரவுட்டர் வெச்சு, 5 கிகாஹெர்ட்ஸ்ல ஓட்டி, பாஸ்வேர்ட யாருக்கும் சொல்லாம இருக்கணும். சொன்னா மெயின் ஃபேடர்ல எவன் கை வெச்சான்னே தெரியாது.

ஜூலை 6, காலை 8.44 | மானிட்டர் மிக்ஸ்

இதோடு கட்டாயம் சேர்க்க வேண்டியது கெயின், மைக் சிக்னல் மிக்ஸருக்குள் நுழையும் இடத்திலேயே அதன் அளவை வைக்கும் குமிழ். சவுண்ட் செக் முடிந்த பிறகு வெளி மிக்ஸ்காரர் கெயினைத் தொடக் கூடாது. ஃபேடரைத் தொட்டால் வெளியே மட்டும் மாறும். கெயினைத் தொட்டால் எட்டுப் பேர் காதிலும் மாறும். 6 டெசிபல் ஏற்றினால் காதுக்குள் தூக்கிப் போடும்.

அதனால் ஒவ்வொரு காது அவுட்டிலும் ஒலி ஒரு அளவைத் தாண்டாமல் தடுக்கும் லிமிட்டர் போட்டே ஆகணும். யாராவது மைக்கைக் கீழே போட்டாலோ, மைக்குக்கு மிக்ஸர் அனுப்பும் 48 வோல்ட் ஆனில் இருக்கும்போது கேபிளைப் பிடுங்கினாலோ வரும் 'டப்' செவிப்பறைக்கு மிக அருகில் வெடிக்கும். வழக்கமான உச்சத்துக்கு 3, 4 டெசிபல் மேலே லிமிட்டரை நிறுத்துங்கள். அட்டாக், அதாவது அது பாய்ந்து பிடிப்பது, மிக வேகமாக இருக்கட்டும். ஹெட்போன் ஆம்ப் மட்டும் வைத்து ஓட்டுபவர்கள் வால்யூமைப் பூஜ்யத்தில் வைத்து, மாட்டிய பிறகு ஏற்றுங்கள்.

பொன்னாடை போடும்போது மைக்கோடு சேர்த்துப் போர்த்துவது நம்ம ஊர் ஸ்பெஷல். அந்த நேரத்துக்கு ம்யூட் பட்டனில் விரல் இருக்கட்டும்.

ஜூலை 6, இரவு 9.15 | வியாசை டோலக்

எல்லாம் சரி. ஆனா காதுல மாட்டினா தண்ணிக்குள்ள தல விட்ட மாதிரி இருக்குன்னு கானா பாடுறவங்க கழட்டிடறாங்க. ஜனம் விசில் அடிக்கிறது கேக்கல, கை தட்டுறது கேக்கல, சொந்தக் குரலே கொழகொழன்னு இருக்கு. கானாவுக்கு ஜனத்தோட சத்தந்தான் பாதி பாட்டு. ஒத்த காதுல மட்டும் போட்டுக்கலாம்ல?

ஜூலை 7, காலை 6.50 | மானிட்டர் மிக்ஸ்

ஒற்றைக் காது கடைசி வழியாகக்கூட வேண்டாம். இரண்டு காதிலும் கேட்கும்போது மூளை கூட்டிக் கேட்கிறது. ஒன்றைக் கழற்றினால் மீதி ஒன்றை ஏற்றச் சொல்லும், 3 முதல் 6 டெசிபல் வரை. திறந்த காது மேடைச் சத்தத்தில் அப்படியே மாட்டுகிறது. இரண்டு காதுக்கும் சேதம். அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியாஷ் வகுத்த வரம்பு இது: 85 டெசிபலில் 8 மணி நேரம், அதற்கு மேல் 3 டெசிபல் கூடக் கூட நேரம் பாதி. 94இல் ஒரு மணி, 100இல் 15 நிமிடம். ஆடிக் கச்சேரி மூன்று மணி நேரம் போகிறது.

குறை இரண்டும் நிஜம். வேறு வேறு குறை, வேறு வேறு மருந்து.

குரல் கொழகொழ: காதை அடைத்தால் எலும்பு வழியே வரும் நம் குரலின் கீழ் அதிர்வெண் உள்ளேயே சிக்கிக்கொள்ளும். காதைப் பொத்திக்கொண்டு 'ஊ' என்று சொல்லிப் பார்த்தால் புரியும். அவர் காது மிக்ஸில் குரலுக்கு 120 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டு, 250 பக்கம் 3, 4 டெசிபல் இறக்கு, 3 கிலோஹெர்ட்ஸில் லேசாக ஏற்று. டிஜிட்டல் மிக்ஸரில் குரல் சேனலை இரண்டாகப் பிரித்து ஒன்றைக் காதுக்கு மட்டும் வைத்தால் வெளி மிக்ஸ் கெடாது. அப்படியும் குரல் ஒல்லியாக, உள்ளீடற்றதாகத் தெரிந்தால் காதுக்குப் போகும் அந்தச் சேனலின் போலாரிட்டியை, அதாவது ஒலி அலையை, தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள். எலும்பு வழி வருவதும் இயர்போன் வழி வருவதும் ஒன்றையொன்று தின்றிருக்கலாம். ஒரு பட்டன்தான், ஆனால் பலரும் தொடுவதில்லை. கொஞ்சம் ரிவர்ப் (அறை எதிரொலி மாதிரி) விடுங்கள். வறண்ட குரலைக் கேட்டால் பாடகர் தொண்டையை இறுக்குவார்.

ஜனச் சத்தம்: மேடையின் இரண்டு முன் மூலையிலும் கண்டென்சர் மைக் இரண்டு, ஜனத்தைப் பார்த்து, மெயின் பாக்ஸ் வாய்க்கு நேரே இல்லாமல். மெயினுக்கு அனுப்பவே கூடாது, காதுக்கு மட்டும். 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிட்டால் சப்-ஊஃபர் ஏறாது. பாட்டு ஓடும்போது இறக்கி, முடிந்ததும் ஏற்றினால் விசில் கேட்கும். ஸ்டீரியோவில் விட்டால் எந்தப் பக்கத்துக் கூட்டம் கத்துகிறது என்பதுகூடத் தெரியும்.

ஜூலை 7, காலை 7.30 | வியாசை டோலக்

போலாரிட்டி மேட்டர் புதுசு. சரி, அஞ்சு பேர் உக்காந்து வாசிக்கிற சின்ன செட்டுக்கு? டோலக், சட்டி, கீபோர்டு, ரெண்டு பாட்டு.

ஜூலை 7, காலை 7.42 | மானிட்டர் மிக்ஸ்

வேண்டாம். ஒருவரையொருவர் நேராகவே கேட்க முடிகிற தூரம், இரண்டு பாக்ஸ். பாடகருக்கு ஒரு வெட்ஜ் போதும். அதை மைக்கின் பின்பக்கம் பார்த்து வையுங்கள், கார்டியாய்டு மைக் பின்னாலிருந்து வருவதைத்தான் குறைவாகப் பிடிக்கும். மைக்கின் வலைத் தலையைக் கையால் பொத்திப் பிடிக்கிற ஸ்டைலை விட்டால் பாதி ஊளை நிற்கும்.

ஜூலை 9, இரவு 10.05 | காசிமேடு ரசிகன்

ஒரு கேள்வி கேட்டேன், ஒரு சிலபஸே ஓடிக்கினு இருக்கு. இந்த வயர்லெஸ் கடற்கரைப் பக்கம் அறுபடுறதுக்கு ஹார்பர் கப்பல் ரேடியோதான் காரணம்னு சவுண்ட் சர்வீஸ்காரங்க எல்லாரும் சொல்றாங்களே, நிஜமா?

ஜூலை 9, இரவு 10.48 | பெரம்பூர் பேஸ்

கப்பல் பாவம். கப்பலும் துறைமுகமும் பேசுற விஎச்எஃப் 156லருந்து 162 மெகாஹெர்ட்ஸ் வரைக்கும். கப்பலுக்குள்ளயே பேசுற வாக்கி டாக்கி 457, 467 பக்கம். நம்ம காது செட்டு (மிக்ஸர் பக்கம் டிரான்ஸ்மிட்டர், இடுப்புல ரிசீவர்) பெரும்பாலும் 500க்கு மேல. ரெண்டும் வேற வேற தெரு.

நிஜமான ஆளுங்க இவங்க:

ஒண்ணு, எல்இடி வால். மேடைக்குப் பின்னாடி முழுசா நிக்குது, அதோட பவர் சப்ளையும் டேட்டா வயரும் ரேடியோ இரைச்சல கக்குது. டிரான்ஸ்மிட்டர் ஆன்டெனாவ மேடை முன் ஓரத்துக்குக் கொண்டாங்க. காலி அதிர்வெண் தேடி ஸ்கேன் பண்றப்ப வால் ஆன்ல இருக்கணும். ஆஃப்ல ஸ்கேன் பண்ணா எல்லாம் க்ளீனாத்தான் காட்டும்.

ரெண்டு, 700 மெகாஹெர்ட்ஸ். பேண்டு 703–748ம் 758–803ம், 2022 ஸ்பெக்ட்ரம் ஏலத்துல அதுல ஒரு பகுதிய ஜியோ எடுத்தது. முதல் பாதி போன்லருந்து டவருக்குப் போறது. அதாவது முன் வரிசையில அந்த பேண்டுல வீடியோ எடுத்து அனுப்புற அத்தனை பேரும் உங்க இடுப்பு ரிசீவருக்குப் பக்கத்துல நிக்கிற டிரான்ஸ்மிட்டர். பழைய செகண்ட் ஹேண்ட் செட்டு வாங்குறப்ப பின்னாடி ஒட்டியிருக்கிற அதிர்வெண்ணப் பாத்து வாங்குங்க.

மூணு, நாமளே. செட்டுங்கள சம இடைவெளில வெச்சா கெட்டது. 520, 521ல ரெண்டு செட்டு ஓடுனா அதுங்க கலந்து 519லயும் 522லயும் பேய் சிக்னல் வரும். மூணாவது செட்ட 522ல வெச்சா அது மேலயே உக்காரும். செட்டுலயே 'க்ரூப், சேனல்'னு இருக்கும். எல்லாத்தையும் ஒரே க்ரூப்புல வெச்சு சேனல் மட்டும் மாத்துங்க, கம்பெனி கணக்குப் போட்டு வெச்சிருக்கான்.

ஜூலை 10, காலை 7.15 | மானிட்டர் மிக்ஸ்

நாலாவது, உடம்பு. மனித உடம்பு தண்ணீர், நம் செட் ஓடும் யுஎச்எஃப் அலையை விழுங்கும். ரிசீவர் முதுகில், டிரான்ஸ்மிட்டர் முன்னால் என்றால் நடுவில் பாடகரே சுவர். ஆன்டெனாவை மடக்கிப் பாக்கெட்டில் திணிப்பது, ஜரிகைச் சட்டைக்குள் சொருகுவது, போனோடு ஒரே பையில் போடுவது, மூன்றும் அறுபடும்.

சட்டப் பக்கம்: யுஎச்எஃப் செட்டுக்கு மத்திய அரசில் அலைவரிசை ஒதுக்கும் டபிள்யூபிசி பிரிவின் உரிமம் தேவை. பவர் வரம்புக்குள் உரிமம் இல்லாமல் ஓட்ட 865–868 மெகாஹெர்ட்ஸ், 2.4 கிகாஹெர்ட்ஸ் இருக்கின்றன. 2.4இல் வரும் சின்ன டிஜிட்டல் செட்டுகளில் தாமதம் சுமார் 5 மில்லி செகண்ட். கீபோர்டுக்குப் பரவாயில்லை. பாடகருக்கு எலும்பு வழிக் குரலோடு கலந்து நிறம் மாறும், சிலருக்குப் பிடிக்காது. கூட்டம் நிறைந்த தெருவில் 2.4ஐ நம்பி ஓட்டாதீர்கள்.

பேட்டரி: ரீசார்ஜ் ஏஏ செல் 1.2 வோல்ட், அல்கலைன் 1.5. ரிசீவரில் பேட்டரி வகை மாற்றும் மெனு இருந்தால் மாற்றுங்கள், இல்லாவிட்டால் அளவு தப்பாகக் காட்டும். இடைவேளையில் மாற்றிவிடுவதே நிம்மதி.

ஜூலை 12, மாலை 6.30 | ராயபுரம் கொயர்

வயர்டு பெல்ட் பேக் முடிவாகியிருக்கிறது. டெமோவில் நாலு பேரில் இரண்டு பேருக்கு பேஸே கேட்கவில்லை, வாயைத் திறந்தால் இன்னும் மோசம். இயர்போன் தரம் குறைவா?

ஜூலை 12, இரவு 9.20 | மானிட்டர் மிக்ஸ்

பெரும்பாலும் டிப்தான், இயர்போன் முனையில் காதை அடைக்கும் உறை. காது அடைபடாவிட்டால் முதலில் ஓடிப்போவது பேஸ். பெட்டியில் வரும் மூன்று அளவையும் போட்டுப் பாருங்கள், இடது வலது காதுக்கு வேறு அளவு வேண்டியிருப்பதும் சகஜம். ஃபோம் டிப் என்றால் விரலால் உருட்டி ஒல்லியாக்கி, மறு கையால் காது மடலை மேலே பின்னால் இழுத்து, உள்ளே விட்டு 20 நொடி பிடித்திருங்கள், விரியட்டும். வயர் காதுக்கு மேலே சுற்றிப் பின்னால் போகணும்.

வாய் திறந்தால் தாடை எலும்பு நகர்ந்து காதுக் குழாய் அகலும், அதனால்தான் விடுகிறது. அச்செடுத்துச் செய்யும் கஸ்டம் மோல்டு வாங்கும் நாள் வந்தால் ஆடியாலஜிஸ்டிடம் வாயைத் திறந்து வைத்தபடி அச்செடுக்கச் சொல்லுங்கள். பல் நடுவே ஒரு கட்டை வைப்பார்கள். வாய் மூடி எடுத்த அச்சு பாடகருக்கு உதவாது. உள்ளே டிரைவர் (குட்டி ஸ்பீக்கர்) எத்தனை என்ற விளம்பரத்துக்கு அப்புறம் வரலாம். 1995இல் ஜெர்ரி ஹார்வி, அலெக்ஸ் வான் ஹேலன் என்ற டிரம்மருக்காகச் செய்து கொடுத்து அல்டிமேட் இயர்ஸ் கம்பெனி ஆரம்பித்தபோதும் காதுக்குப் பொருந்தும் மோல்டில்தான் பாதி விஷயம் இருந்தது.

ஜூலை 12, இரவு 9.55 | பெரம்பூர் பேஸ்

வயர்டுன்னா கரண்ட மறந்துராதீங்க. சபையில பரவாயில்ல, தெரு மேடையில ஜெனரேட்டர் பாதி, பக்கத்து வீட்டு லைன் பாதின்னு எடுப்பாங்க. மிக்ஸர் ஒரு எர்த், கிட்டார் ஆம்ப் இன்னொரு எர்த்னா காதுல 'ம்ம்ம்'னு 50 ஹெர்ட்ஸ் இரையும், மைக்ல உதடு பட்டா சுர்ருனு அடிக்கும். இரைச்சல் போகணும்னு எர்த் பின்ன உடைக்கிறவங்க இருக்காங்க, உசுரோட விளையாட்டு. சவுண்டு சாமான் முழுக்க ஒரே போர்டுலருந்து எடுங்க, லைட்டும் எல்இடியும் வேற லைன். அதுக்கு மேலயும் இரைஞ்சா ஆக்ஸ் லைன்ல, எர்த்த இணைக்காம சிக்னல மட்டும் விடுற ஐசொலேஷன் ட்ரான்ஸ்ஃபார்மர் பாக்ஸ்.

ஜூலை 14, காலை 8.30 | காசிமேடு ரசிகன்

கடைசிக் கேள்வி. இத மாட்டிக்கினா 10 மணிக்கு மேலயும் கச்சேரி நடத்தலாமா? மேடையில சத்தமே இல்லையே 😄

ஜூலை 14, காலை 9.00 | மானிட்டர் மிக்ஸ்

மெயின் பாக்ஸை அணைத்தால் தாராளமாக. பாடுபவர்களுக்கு மட்டும் கேட்கும், மொய் வைக்க ஆள் இருக்காது.

2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளில் இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கிக்குத் தடை. பண்டிகைக்கு மாநில அரசு ஆண்டில் 15 நாளுக்கு மிகாமல் நள்ளிரவு வரை தளர்த்தலாம். காதில் என்ன மாட்டினாலும் அது மாறாது. மாறுவது ரிகர்சல். கீபோர்டு, பேட், கிட்டார், பேஸ் எல்லாம் நேராக மிக்ஸருக்கு, எல்லார் காதிலும் இயர்போன், பாக்ஸே கிடையாது. ஹவுசிங் போர்டு வீட்டில் இரவு 11க்கும் நடத்தலாம். பாடுகிறவரின் குரல் மட்டும் வெளியே வரும்.

ஜூலை 14, காலை 9.12 | வியாசை டோலக்

டோலக்கும் வெளிய வரும் அண்ணே.

ஜூலை 14, காலை 9.25 | மானிட்டர் மிக்ஸ்

தோல் மேல் துண்டை மடித்துப் போட்டு, உள்ளே சின்ன க்ளிப் மைக். காதில் ஏற்றிக்கொள்ளலாம். வாசிப்பு கை மாறும்தான், தாளம் சேர்த்துப் பார்க்க அது போதும்.

ஜூலை 15, இரவு 10.20 | ராயபுரம் கொயர்

எல்லாரும் ஒரே இயர்போனை மாற்றி மாற்றிப் போடலாமா?

ஜூலை 15, இரவு 10.41 | பெரம்பூர் பேஸ்

பேக் மாத்திக்கலாம், டிப் மாத்தக் கூடாது. ஆளுக்கொரு ஜோடி, பேர் எழுதின டப்பா. முடிஞ்சதும் உலர்ந்த துணியால துடைங்க, முனை வலையில மெழுகு அடைச்சிருந்தா கீழ்நோக்கிப் பிடிச்சு மெல்லிசு பிரஷ்ஷால தட்டுங்க. ஊசி போட்டா வலை கிழியும். ஒரு பக்கம் மட்டும் சத்தம் குறைஞ்சா பாதி நேரம் இந்த மெழுகுதான். மீதி நேரம் வயர் கழட்டி மாட்டுற பின்னு, வேர்வையும் உப்புக் காத்தும் பட்டு பச்ச பூத்திருக்கும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பட்ஸால துடைச்சுட்டு, டப்பாவுல சிலிக்கா ஜெல் பாக்கெட் ரெண்டு போட்டு மூடுங்க. ஜெல் நிறம் மாறினா மாத்துங்க.